கவனிப்பவரைக் கணக்கில் சேர்க்காத வரி: கவுன்சில் டாக்ஸ் சலுகை குறித்துக் கடலூரிலிருந்து ஒரு மதிப்புரை

மஞ்சக்குப்பத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பத்திர எழுத்தராகத் தொழில் செய்கிறேன். வரி ரசீது, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பெயர் மாற்ற மனு என்று நாள் முழுவதும் காகிதத்தோடுதான் பிழைப்பு. இங்கிலாந்தில் குடியிருக்கும் என் அக்கா போன புரட்டாசியில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணிக்கு அழைத்து, "தம்பி, மாமியாரைப் பாத்துக்கிறவங்களுக்கு இங்க வீட்டு வரியில ஏதோ கழிவு இருக்காம். படிவத்தைப் படிச்சா தலை சுத்துது, நீ கொஞ்சம் பாரேன்" என்றபோது, அதை மற்றொரு மனுவாக நினைத்துத்தான் கையில் எடுத்தேன். எடுத்த பிறகு நான்கு மாதங்கள் அதோடு கழிந்தன. கடலூர், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் பிள்ளையையோ சகோதரியையோ அந்த நாட்டில் வைத்திருக்கும் குடும்பங்கள் பல இருப்பதால், அந்தச் சலுகை எப்படிப்பட்டது, அதைப் பெறும் வழி எவ்வளவு நேரானது என்பதை நான் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்பு விதிக்கும் கவுன்சில் டாக்ஸை நாம் "சொத்துவரி" என்று மொழிபெயர்த்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. நம் சொத்துவரி கட்டடத்தின் மேல் விழுவது. பரப்பு எவ்வளவு, எந்தத் தெரு, குடியிருப்பா கடையா என்று பார்த்து உரிமையாளரிடம் கேட்பது. கவுன்சில் டாக்ஸோ பெரும்பாலும் அந்த வீட்டில் வாழ்பவர்கள் கட்டும் வரி; வாடகைக்கு இருப்பவரும் தன் பெயரிலேயே கட்டியாக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று விதித்த வரி மக்களின் கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்ட பின், 1993 ஏப்ரலில் அதன் இடத்தில் இது வந்தது. இங்கிலாந்தில் ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலை போயிருக்கும் என்ற கணக்கில் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகளில் ஒன்றில் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பெரியவர்கள் வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டே முழு வரி போடப்படுகிறது. ஒருவர்தான் வாழ்கிறார் என்றால் அதில் கால் பங்கு குறையும்.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றுக்கும் வேர். வீட்டில் வாழும் சிலரைச் சட்டம் "டிஸ்ரிகார்ட்", அதாவது தலைக்கணக்கில் சேர்க்கத் தேவையில்லாதவர், என்று ஒதுக்கி வைக்கிறது. முழுநேர மாணவர், பதினெட்டு வயது நிறையாதவர் ஆகியோருடன் கவனிப்பாளரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். அப்படி ஒதுக்கிய பின் ஒருவரே மிஞ்சினால் கால் பங்கு குறைகிறது. எல்லோரும் ஒதுக்கப்பட்டுவிட்டால் பாதி குறைகிறது. ஒதுக்கிய பின்னும் இருவர் மிஞ்சினால் ஒரு பென்னியும் குறையாது. ஆகவே "கவனிப்பாளருக்குக் கழிவு" என்று யாராவது சொன்னால் அதை நம்பி உடனே மகிழ வேண்டாம். முதலில் வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்கா வீட்டில் மூன்று பேர்: அக்கா, மாமா, மாமாவின் அம்மா. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கணவரோடு போய் அங்கேயே குடியுரிமை பெற்ற அந்த அம்மாளுக்கு இப்போது மறதி நோய் முற்றிவிட்டது. கடுமையான, நிரந்தரமான அறிவுக் குறைபாடு உள்ளவர் என்று மருத்துவர் சான்றளித்து, அதற்குரிய உதவித்தொகைக்கும் தகுதி இருந்தால் அவரைத் தலைக்கணக்கில் சேர்ப்பதில்லை. அவரை மட்டும் விலக்கினால் அக்காவும் மாமாவும் மிஞ்சுவார்கள், முழு வரிதான். அக்காவையும் கவனிப்பாளர் என்று விலக்கினால் மாமா ஒருவரே மிஞ்சுகிறார். கால் பங்கு குறைகிறது. 2025-26ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டி பிரிவு வீட்டுக்கான சராசரி வரி 2,280 பவுண்டு என்பதால், அதில் கால் பங்கு என்பது 570 பவுண்டு. இரண்டு விலக்குகளையும் சேர்த்துக் கேட்டால்தான் இந்தத் தொகை கைக்கு வரும் என்பதை எந்தப் படிவமும் அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் படிவங்கள் இருந்தன. ஒன்றில் மற்றொன்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கவனிப்பாளருக்கான நிபந்தனைகளைப் பார்த்தால், ஒரு சட்டத்தை எழுதியவர் வீட்டு வேலையின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. கவனிக்கப்படுபவரோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும். சராசரியாக வாரத்துக்கு 35 மணி நேரமாவது அவரைக் கவனிக்க வேண்டும். கவனிக்கப்படுபவர் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பிறர் கவனிப்பு தேவைப்படும் முதியவருக்கு அரசு தருவது) போன்ற குறிப்பிட்ட உதவித்தொகைகளில் ஒன்றுக்கு உரியவராக இருக்க வேண்டும். கவனிப்பவரின் வருமானத்தையோ வங்கிச் சேமிப்பையோ யாரும் கேட்பதில்லை. ஏழைகளுக்கான வரிக்குறைப்பு என்று வேறொன்று இருக்கிறது. 2013 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் அதற்குத் தானே திட்டம் வகுத்துக்கொள்கிறது, வருமானத்தைப் பார்த்தே தருகிறது. பெயர் ஒத்திருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து, "எங்களுக்குச் சம்பளம் இருக்கிறதே, எங்கே தரப்போகிறார்கள்" என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அக்காவும் அப்படித்தான் ஓர் ஆண்டுக்கு மேல் விட்டிருந்தாள்.

35 மணி நேரம் என்றதும் அக்கா தயங்கினாள். ஒரு பள்ளிச் சமையலறையில் வாரம் இருபது மணி நேரம் வேலை பார்க்கிறாள். "நான் என்ன செவிலியரா, அவ்வளவு நேரம் எங்கேடா பாக்கிறேன்" என்றாள். கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு வாரம் செய்வதையெல்லாம் எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டினாள்: சமையல் ஏழு மணி, குளிப்பாட்டுவது ஐந்து, துணி துவைப்பது நான்கு, ஆக பதினாறு. "சாப்பாடு ஊட்டுற நேரம் எங்கே?" என்று கேட்டேன். அதை அவள் ஒரு வேலையாகவே எண்ணியிருக்கவில்லை. அந்த அம்மாள் வாயில் வைத்த இட்லியை விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்துக்கொள்வாராம். பக்கத்தில் உட்கார்ந்து, தாடையை மெல்லத் தடவி, "முழுங்குங்க அத்தே, முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம். மூன்று வேளை, ஏழு நாள் என்றால் பதினான்கு மணி நேரம். இரவு எழுந்து வாசல் கதவைத் திறக்கப் போகிறவரை அழைத்து வந்து மறுபடி படுக்க வைப்பது நாளுக்கு ஒரு மணி. மாத்திரை, மருத்துவரிடம் கூட்டிப் போவது எல்லாம் சேர்த்து நான்கு மணி. கூட்டினால் நாற்பத்தொன்று வந்தது. அலைபேசியில் சிறிது நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த நோட்டின் நகலைத்தான் விண்ணப்பத்தோடு இணைத்தோம். கவுன்சிலில் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

இனி அந்த வழியில் கிடந்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவுன்சிலின் பெயர் வேண்டாம். குறை ஓர் இடத்துக்கு மட்டும் உரியதாக இருக்காது. அக்கா முதலில் தொலைபேசியில் கேட்டபோது, எதிர்முனையில் இருந்தவர், "உங்களுக்கு கேரர்ஸ் அலவன்ஸ் வருகிறதா? வராது என்றால் இந்தக் கழிவும் கிடையாது" என்று சொல்லி முடித்துவிட்டார். கேரர்ஸ் அலவன்ஸ் என்பது கவனிப்பாளருக்கு அரசு தரும் வாராந்தர உதவித்தொகை. 2025-26ஆம் ஆண்டில் வாரத்துக்கு 196 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவருக்கு அது கிடையாது. அக்காவின் சம்பளம் அதைத் தாண்டுவதால் அவளுக்கு வராது என்பது உண்மை. ஆனால் வரி விலக்குக்கு அந்த உதவித்தொகையைக் கவனிப்பவர் வாங்க வேண்டும் என்று விதியில் எங்குமே இல்லை. கவனிக்கப்படுபவர் தன் உதவித்தொகைக்கு உரியவராக இருந்தால் போதும். இரண்டு வெவ்வேறு மனிதர்களின் இரண்டு வெவ்வேறு உதவித்தொகைகளை அந்த அலுவலர் ஒன்றாகக் குழப்பிவிட்டார். நேர்மையான தவறாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பியிருந்தால் ஆண்டுதோறும் கால் பங்கு வரி போயிருக்கும்.

ஆதலால் தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்தில் போனோம். என் தொழிலில் பழகிய முறைதான் அது: எந்த விதி, எந்த நிபந்தனை, அது எந்தச் சான்றால் நிறைவேறுகிறது என்று பத்தி பத்தியாக எழுதி, கடைசியில் தேதியும் கையெழுத்தும். கவுன்சில் மறுத்தால் அல்லது இரண்டு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் வேல்யுவேஷன் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்கு முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்த உரிமையை அறிந்திருக்கிறோம் என்று ஒரே ஒரு வரியைக் கடிதத்தில் மரியாதையாகச் சேர்த்தோம். ஆறாவது வாரத்தில் பதில் வந்தது. இரண்டு விலக்குகளும் ஏற்கப்பட்டு, மாமியாருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் தொடங்கிய நாளிலிருந்தே கணக்கு திருத்தப்பட்டிருந்தது. ஏற்கெனவே கட்டிய மிகுதி அடுத்த தவணைகளில் கழிக்கப்பட்டது. எழுத்தில் கேட்ட பிறகு அந்த அலுவலகம் நடந்துகொண்ட விதத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கடிதத்தில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற பெயரும், புதுக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்ற விளக்கமும் தெளிவாக இருந்தன. நம் பக்கத்திலும் இப்படி விளக்கத்தோடு வரிக் கேட்புச் சீட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மருத்துவர் சான்று விஷயத்தில் தடங்கல் வேறு மாதிரி வந்தது. படிவத்தின் தலைப்பிலேயே "கடுமையான மனக் குறைபாடு" என்ற பொருள்படும் சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தன. மாமா அதை இரண்டு வாரம் மேசை மேலேயே வைத்திருந்தார். "எங்கம்மா வாத்தியாரம்மாவா இருந்தவங்க மாப்ளே, அவங்களைப் பத்தி இப்படி எழுதி நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இது மருத்துவர் எழுதும் சொல், கவுன்சிலின் கோப்புக்கு உள்ளேயே இருக்கும், வெளியே போகாது என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் நிழற்படம் இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதாக அக்கா பிறகு சொன்னாள். குடும்ப மருத்துவர் அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. சலுகை நல்லதுதான், ஆனால் அதைக் கேட்கும் காகிதத்தின் மொழியை இன்னும் கனிவாக எழுதியிருக்கலாம். முதியவரின் பிள்ளைதான் பெரும்பாலும் அதை நிரப்புகிறார் என்பதை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

சட்டத்தின் உள்ளேயே இருக்கும் பெரிய குறை வேறு. கணவனைக் கவனிக்கும் மனைவியையும், மனைவியைக் கவனிக்கும் கணவனையும், சேர்ந்து வாழும் துணையையும் இந்தச் சலுகை கவனிப்பாளராக ஏற்பதில்லை. பதினெட்டு வயது நிறையாத தன் பிள்ளையைக் கவனிக்கும் பெற்றோரையும் ஏற்பதில்லை. லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவரின் மகள் இங்கிலாந்தில் பக்கவாதத்தில் விழுந்த கணவரை நான்கு ஆண்டுகளாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். அவருக்குப் பேச்சும் அறிவும் தெளிவாக இருக்கின்றன, உடல்தான் அசையவில்லை. மருத்துவச் சான்றால் அவரை விலக்க முடியாது, மனைவி என்பதால் அவளையும் விலக்க முடியாது. ஆகவே இரண்டு பெரியவர்கள் உள்ள வீடாக அவர்களுக்கு முழு வரி வருகிறது. மாமியாரைப் புரட்டிப் படுக்க வைத்தால் அது கவனிப்பு, கணவனைப் புரட்டிப் படுக்க வைத்தால் அது கடமை என்று ஒரு சட்டம் பிரித்துப் பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது: உடற்குறை உள்ளவருக்காகக் கூடுதல் குளியலறையோ சமையலறையோ, அவருக்கென்றே பயன்படும் தனி அறையோ, வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓட்டும் இடமோ இருந்தால், வீட்டை ஒரு பிரிவு கீழே இறக்கி வரி போடச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பெண்ணிடம் சக்கர நாற்காலி பற்றி இப்போதுதான் சொல்லியிருக்கிறோம்.

தன் வீட்டைப் பூட்டிவிட்டு, கவனிக்க வேண்டியவர் இருக்கும் வேறு வீட்டுக்கே குடிபோய்விட்டால், பூட்டிய வீட்டுக்கு முழு விலக்கு உண்டு. இது அதிகம் பேர் அறியாதது.

இங்கிருந்து அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டு போய் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்பது அந்நாட்டுப் பொது நிதியிலிருந்து தரப்படும் உதவி. பொது நிதியை நாடக் கூடாது என்ற நிபந்தனையுடன் விசா பெற்று வந்த முதியவர் அதைக் கேட்டால் விசாவுக்கே சிக்கல் வரும். அது இல்லாமல் கவனிப்பாளர் விலக்கும் கிடைக்காது. வழக்கறிஞரைக் கேட்காமல் அவசரப்பட்டு விண்ணப்பிக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன்.

இந்த வேலை நடந்த அதே மாதத்தில்தான் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டாம் அரையாண்டுச் சொத்துவரி கட்டினேன். இணையத்தில் வரிவிதிப்பு எண்ணைத் தட்டினால் கேட்பு வந்து நிற்கிறது. பணம் கட்டிய கையோடு ரசீது இறங்குகிறது. வரிசையில் நிற்க முடியாத என் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி. எனக்கு 1,340 ரூபாய்க்கு 67 ரூபாய் குறைந்தது. அந்த 67 ரூபாய் சீக்கிரம் கட்டியதற்காகக் கிடைத்தது. வலப்பக்கம் முழுதும் செயலிழந்து காற்று மெத்தையில் கிடக்கும் என் அம்மாவையும், இரண்டு மணிக்கொரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் என் மனைவியையும் அந்தக் கேட்பு அறியாது. 2022இல் வரியை உயர்த்தியபோது 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50 விழுக்காடு, 1,800 வரை 75 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று பரப்பைப் பார்த்து இரக்கம் காட்டினார்கள். சிறிய வீட்டுக்குக் குறைவாக ஏற்றியது சரியான செயல். அதே இரக்கத்தை வீட்டுக்குள் படுத்திருப்பவர் வரை நீட்ட முடியும் என்பதைத்தான் அக்காவின் படிவம் எனக்குக் காட்டியது.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது சரியாகாது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவில், மாற்றுத்திறனாளியான பெற்றோரைப் பராமரிப்பவர் 75,000 ரூபாயும், குறைபாடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள இடமிருந்தது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மிகுந்த உதவி தேவைப்படுபவர்களுக்குக் கவனிப்பாளர் படி தர வேண்டும் என்ற எண்ணமே எழுதப்பட்டிருக்கிறது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காத வீடுகளிலும் படுக்கையில் முதியவர்கள் இருக்கிறார்கள்; அவர்களும் சொத்துவரி கட்டுகிறார்கள். ஆகவேதான் உள்ளாட்சி வரியில் இதற்கு ஓர் இடம் வேண்டும் என்கிறேன். அரையாண்டுக்கு முந்நூறு ரூபாய் குறைந்தாலும் ஒரு பெட்டி டயாப்பருக்காவது உதவும்.

அக்காவின் சலுகைக்குத் திரும்புகிறேன், கடைசியாக ஒரு விஷயத்துக்காக. நிலைமை மாறினால், அதாவது முதியவர் காப்பகத்துக்குப் போய்விட்டாலோ, காலமாகிவிட்டாலோ, வீட்டுக்கு மேலும் ஒரு பெரியவர் குடிவந்தாலோ, 21 நாட்களுக்குள் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் 70 பவுண்டு அபராதம் விதிக்கலாம். துக்க வீட்டில் அந்த 21 நாட்கள் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். அதனால் கவுன்சிலின் முகவரி, கணக்கு எண், அனுமதிக் கடிதத்தின் நகல் மூன்றையும் ஓர் உறையில் போட்டு, என்னிடம் ஒன்றும் மாமாவின் தம்பியிடம் ஒன்றுமாகக் கொடுத்து வைத்திருக்கிறாள் அக்கா. இப்படி ஓர் உறையை விண்ணப்பிக்கும் அன்றே தயார் செய்துகொள்ளுங்கள். அட்டென்டன்ஸ் அலவன்ஸ் தொடங்கிய தேதி உள்ள கடிதத்தையும் அதிலேயே வையுங்கள். பழைய மாதங்களுக்கான வரியைத் திரும்பக் கேட்க எங்களுக்குக் கை கொடுத்தது அந்தத் தேதிதான்.